காதுகுத்து பிளக்ஸ்ல அரிவாள் எதுக்கு?

தொண்டி வாத்தியார்:
நேத்து ஒரு காதுகுத்து. மண்டப வாசல்ல பெரிய பிளக்ஸ். நடுவுல பொக்கை வாயோட சிரிக்கிற ஒரு வயசுப் பிள்ளை, ரெண்டு பக்கமும் சிங்கம், காலடியில குறுக்கே ரெண்டு அரிவாள். பால்குடி மாறாத பிள்ளைக்கு எதுக்குய்யா அரிவாள்? வெட்டுனவனைத்தான் நாம வீரன்னு கொண்டாடுறோம். வெட்டுக்குத்தைத் தடுத்தவன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

சேதுச்சீமை:
அய்யா, வீரமும் வன்முறையும் ஒண்ணா? வேலு நாச்சியார் நம்ம ராமநாதபுரத்துப் பிள்ளை. வெள்ளைக்காரக் கும்பினிப் படைகிட்ட மனுக் குடுத்திருந்தா சிவகங்கை திரும்ப வந்திருக்குமா?

தொண்டி வாத்தியார்:
நாச்சியாரை நான் குறைச்சுச் சொல்லல தம்பி. 1772ல காளையார்கோவில்ல கணவரை இழந்தாங்க, 1780லதான் சீமையை மீட்டாங்க. நடுவுல எட்டு வருஷம் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில அடைக்கலம், மைசூர் ஹைதர் அலிகிட்ட உதவி கேட்டதுன்னு எல்லாம் பேச்சுதான். மேடையில அந்த எட்டு வருஷத்தை யாரு சொல்றா? வாளை மட்டும் தூக்கிக் காட்டுறோம். சண்டையைத் தடுத்தவன் கதை ஒண்ணு கேளு. சங்க காலத்துல நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டு நிக்கிறான், உள்ள நெடுங்கிள்ளி கதவை அடைச்சுக்கிட்டு இருக்கான். ரெண்டு பேருமே சோழன். புலவர் கோவூர் கிழார் நடுவுல போய், ரெண்டு பேரு சூடியிருக்கிறதும் ஆத்தி மாலைதான், யாரு தோத்தாலும் தோக்குறது உங்க குடிதான்னு சொன்னாரு. அவருக்கு ஒரு சிலை காட்டுங்க பார்ப்போம்.

தங்கச்சிமடம் கடலோடி:
சார் சொல்றது எங்க கடல்லயும் நடந்த சங்கதி. விசைப்படகு நாட்டுப்படகு வலையை அறுத்துட்டுப் போறதும், நடுக்கடல்ல அடிதடியும் எங்க அப்பா காலத்துல சாதாரணம். பேசித்தான் நாள் பிரிச்சாங்க. திங்கள், புதன், சனி விசைப்படகு, மத்த நாள் நாங்க. போன மாசமும் என் வலை அறுந்துச்சு. பசங்க கம்பைத் தூக்கிட்டானுக. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வலையை மணல்ல விரிக்கச் சொல்லி, குனிஞ்சு குனிஞ்சு அறுந்த கண்ணியை எண்ணுனாரு. படகு ஓனரைப் பக்கத்துல நிக்க வச்சே எண்ணுனாரு. பொழுது சாயறதுக்குள்ள காசு கைக்கு வந்துருச்சு.

சேதுச்சீமை:
உள்ளூருக்குள்ள சரி. அக்கரையில? 2014ல சென்னையிலயும் கொழும்புலயும், 2015ல திரும்பச் சென்னையிலயும் ரெண்டு நாட்டு மீனவங்களும் உட்கார்ந்து பேசுனாங்க. இன்னும் இலங்கை நேவிக்காரன் நம்மாளுகளைப் பிடிச்சுக்கிட்டுத்தானே போறான்?

தங்கச்சிமடம் கடலோடி:
அண்ணே, அக்கரையில வலை அறுந்து நிக்கிறவனும் தமிழன்தான். அறுக்கிறது நம்ம விசைப்படகு இழுத்துட்டுப் போற இழுவைமடி வலை. அதைக் கைவிட நம்மாளுக மூணு வருஷம் அவகாசம் கேட்டாங்க, அவங்க ஒத்துக்கல. பேச்சு நின்னது அங்க.

சேதுச்சீமை:
உள்ள கிடக்கிறவன் வீட்டுல போய் இதைச் சொல்லுங்க.

தங்கச்சிமடம் கடலோடி:
எங்க வீடுதான்ணே அது. அக்கா வீட்டுக்காரர் மூணு மாசம் அங்க சிறையில இருந்தாரு. மனுவைக் கையில வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி அக்காதான் கூட்டியாந்துச்சு. படகு இன்னும் அக்கரையில மக்கிக்கிட்டு நிக்குது.