பழைய கார் வாங்கப் போன கதைகள்: அப்போதும் இப்போதும்

வைகைக்கரை:

என் முதல் காரை 1999இல் வாங்கினேன். 1993 மாடல் மாருதி 800, வெள்ளை நிறம். அப்போது மதுரையில் பழைய கார் வேண்டுமென்றால் பேப்பரில் வரி விளம்பரம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புரோக்கரிடம் சொல்லி வைக்க வேண்டும். நான் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வைத்தேன். எந்த வண்டி யாரிடம் இருக்கிறது, எதற்கு எப்போது இன்ஜின் வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாலு மாதம் கழித்து, "தம்பி, ஒரு வாத்தியார் வண்டி வருது, வாங்க பார்த்துட்டு வருவோம்" என்றார்.

காலை ஏழு மணிக்கே கூட்டிப் போனார். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் முதல் ஸ்டார்ட்டில் தெரிய வேண்டிய கோளாறு தெரியாது. நல்லவேளை, குளிர்ந்துதான் இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அப்புறம் கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து கதவு, மட்கார்டு, டிக்கி என்று ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தார். நெளிவை மறைக்கப் பூசும் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. பின்பக்க இடது மூலையில் அது வழுக்கிக் கீழே விழுந்தது. நாங்கள் கேட்கும் முன்பே வாத்தியார், "கேட் தூணில் நான்தான் இடித்துவிட்டேன்" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங். ஆறு வருஷக் கணக்கு. அதைப் புரட்டிப் பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. வண்டி போய் வெகுநாள் ஆகிறது. நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அடுத்து 2016, சென்னை. அப்போது ஓ.எல்.எக்ஸில் பார்த்து போன் செய்வதுதான் வழக்கம். ஒரு டீசல் கார், சந்தை விலையை விட நன்றாகவே குறைவு. வீட்டு முகவரி கேட்டேன். தரவில்லை, பெட்ரோல் பங்க் பக்கம் வரச் சொன்னார். உள்ளே செண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கி இருந்ததால் எனக்குச் சந்தேகம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். மேலே பளிச்சென்று இருந்த பட்டை, உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறையோடு வந்தது. ஸ்டெப்னி குழியில் போல்ட் எல்லாம் துரு. "வாட்டர் வாஷ் பண்ணது சார்" என்றார். சரி என்று திரும்பிவிட்டேன்.

2023இல் மூன்றாவது முறை. இப்போது எல்லாம் செல்போனில், பழைய கார் விற்கும் கம்பெனியின் செயலியில். கீறல், நெளிவு ஒவ்வொன்றுக்கும் படத்தோடு நீண்ட பரிசோதனை அறிக்கை. வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள் எல்லாம் வந்துவிடுகிறது. ஓனர் பெயர் மட்டும் பாதி நட்சத்திரக் குறிகளாகத் தெரியும். வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். 2018 மாடல், மீட்டரில் 28,000 கிலோமீட்டர்.

டயரில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு வருஷத்தையும் சொல்லும். நாலு டயரிலும் 22 என்று முடிந்தது. 28,000 ஓடுவதற்குள் நாலு டயரையும் ஏன் மாற்ற வேண்டும்? வந்த பையனுக்குத் தெரியவில்லை, அவனைக் குறை சொல்லவும் முடியாது. பழைய ஓனரிடம் பேச வேண்டும் என்றேன். அந்த வழக்கம் இல்லை என்றார்கள். தெரிந்தவர் மூலம் சர்வீஸ் விவரம் எடுத்துப் பார்த்தால், 2021லேயே 46,000 என்று பதிவாகி இருக்கிறது. அட்வான்ஸைப் பேசாமல் திருப்பித் தந்தார்கள். அறிக்கையில் இருந்தவை எல்லாம் உண்மைதான், மீட்டரைத் தவிர. அன்று அந்த வாத்தியாரைப் போல ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் டயரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

கோவை38:

அண்ணன் சொன்னது வாங்கும் பக்கம். நான் விற்ற கதை. 2012இல் என் பழைய சாண்ட்ரோவைப் புரோக்கரிடம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, "பார்ட்டி கிடைச்சதும் பேர் மாத்திடுவேன் சார்" என்றார். மாற்றவில்லை. மூன்று வருஷம் கழித்து, நான் போயே இராத ஊரில் நடந்த விபத்துக்கு எனக்கு நோட்டீஸ் வந்தது. நல்லவேளை, இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததால் தப்பித்தேன். பல கை மாறிய வண்டியாக இருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் ஓனர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே ஒரு இழப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி அவர்கள் கைக்கு வந்ததை ஆன்லைனில் தெரிவிக்கவும் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எனக்கு அப்போது அது இருந்திருந்தால் ஒரு வருஷத் தூக்கம் மிஞ்சியிருக்கும். வெற்று ஃபார்மில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீலநிற ஸ்விஃப்ட்:

2009இல் அப்பாவோடு கார் பார்க்கப் போனேன். ஓட்டப் போவது நான். கேள்வி கேட்டதும் நான். பதில் எல்லாம் அப்பா முகத்தைப் பார்த்தே வந்தது. "பாப்பாவுக்கு எந்த கலர் பிடிக்கும்?" என்று மட்டும் என்னிடம் கேட்டார் அந்த புரோக்கர். டெஸ்ட் டிரைவுக்கும் சாவியை அப்பாவிடம்தான் நீட்டினார்.

போன வருஷம் தனியாகவே வாங்கினேன். அறிக்கையை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கத்திப்பாரா பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன், சீட் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு இது பெரிய மாற்றம். ஒன்றே ஒன்று, பணம் கட்டும் முன் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒன்றைத்தான் தந்தார்கள். இன்னொன்று பதினோரு நாள் கழித்து, நாலு முறை போன் செய்த பிறகு கூரியரில் வந்தது.