டிஸ்சார்ஜ் அன்று உங்களுக்கு என்ன நடந்தது?

மலைக்கோட்டை:
அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், 72 வயது, கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் முறை), எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்ல வரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று காலை ஒன்பது மணிக்கு டாக்டர் “கிளம்பலாம் ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அந்த நிமிடமே வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பில் இன்ஷூரன்ஸுக்குப் போனதே பன்னிரண்டரைக்கு. மூன்று மணிக்கு கம்பெனி விளக்கம் கேட்டு ஒரு கொயரி, ஐந்தரைக்கு இன்னொன்று. மதியச் சாப்பாடு வரவில்லை. கேட்டால் சிஸ்டத்தில் டிஸ்சார்ஜ் போட்டாச்சு, டயட்டில் பேர் வராது என்றார்கள். நாலு மணிக்கு ஒரு அம்மா வந்து மெத்தை விரிப்பை உருவிக்கொண்டு போனார், அடுத்த பேஷண்ட் கீழே காத்திருக்கிறாராம். தையல் போட்ட வயிற்றோடு அப்பா அந்த ரெக்சின் மெத்தையில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்ரூவல் வந்தது இரவு எட்டே முக்காலுக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐயின் 2024 மே மாத சர்க்குலரில், ஆஸ்பத்திரி கேட்டு 3 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் அப்ரூவல் தர வேண்டும், தாண்டினால் கூடுதல் செலவு கம்பெனியுடையது என்று இருக்கிறது. போனில் எடுத்துக் காட்டினேன். “கொயரி போட்டா மூணு மணி நேரம் திரும்ப முதல்ல இருந்து சார்” என்றார் கவுண்டரில் இருந்த பெண். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன், அப்படி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

நொய்யல்:
எங்களுக்கு டிஸ்சார்ஜில் இல்லை, அட்மிஷனிலேயே. கணவருக்குக் குடலிறக்கம். பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்டதும் அந்தப் பெண் ஒரு சின்ன பேடில் 75,000 என்று எழுதினார். இவர் சும்மா இருக்காமல் “கார்டு இருக்கு” என்றார். அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த தாளில் 1,30,000. அதே டாக்டர், அதே ரூம், பேனாகூட அதேதான். ஏன் என்று கேட்டதற்கு, “இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கப் போகுது, உங்களுக்கென்ன மேடம்?”

எனக்கென்ன என்று அடுத்த ரினியூவலில் தெரிந்தது. 2025 செப்டம்பரில் பிரீமியத்துக்கு இருந்த ஜிஎஸ்டி 18 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன், அடிப்படை பிரீமியம் ஏறி அந்தச் சந்தோஷத்தைச் சாப்பிட்டுவிட்டது.

பழைய டெஸ்க்:
நான் ஆறு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவன், இப்போது இல்லை. மலைக்கோட்டை சார், கவுண்டர் பெண் மேல் பாய்ந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. வார்டில் மீந்த மருந்து பார்மஸிக்குத் திரும்ப வேண்டும், டாக்டர் ஓபி முடித்து வந்துதான் டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போடுவார், அதற்குள் பாதி நாள் போய்விடும். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது டெஸ்க்தான். நொய்யல் மேடம் சொன்ன இரண்டு தாள் கதையை மட்டும் மறுக்க மாட்டேன். நானும் கிழித்திருக்கிறேன்.

எனக்கு மறக்காதது ஒரு ரிட்டயர்டு பெரியவர். மனைவிக்கு மூன்று நாள் அட்மிஷன். கையுறை, மாஸ்க், ஈசிஜி எலக்ட்ரோடு, டயப்பர் எல்லாம் கம்பெனி தராத 68 சாமான் பட்டியலில் வரும், நாம்தான் கட்ட வேண்டும். அவர் பில்லை வாங்கிப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தவர் கையுறையில் நின்றார். எண்ணிக்கை 186. “தம்பி, ஒரு நாளைக்கு 62. நான் ராப்பகலா பக்கத்துலயே இருந்தேன், எட்டு பேர்தான் தொட்டாங்க” என்றார், சத்தமே போடாமல். என்னிடம் பதில் இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு, பென்சிலை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்த மாதிரி தெரியவில்லை.

நெல்லை டீச்சர்:
என் தம்பிக்கு ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலி. கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் எழுதிக்கொண்டே “சுகர் எத்தனை வருஷமா?” என்று கேட்டார். தம்பி பேசும் நிலையில் இல்லை. அம்மா பதற்றத்தில் “அது ஒரு பத்து வருஷமா இருக்கும் சார்” என்றாள். அவளுக்கு எல்லாமே பத்து வருஷம்தான், வீடு கட்டியதும் பத்து வருஷம், அப்பா போனதும் பத்து வருஷம். உண்மையில் சுகர் தெரிந்து மூன்று வருடம், பாலிசி எடுத்து நான்கு வருடம். கேஸ் ஷீட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்து, முன்பே இருந்த நோயை மறைத்தார்கள் என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தது 2,60,000. திரும்ப எழுதிக் கேட்டதற்கும் மறுத்து மெயில் வந்தது. அன்றிலிருந்து எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் அம்மா முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். வயதைக் கேட்டால்கூட.

வைகைக்கரை:
எனக்கு நடந்தது சின்னது, மகனுக்கு டெங்கு, ரூம் மாற்றியதில் 60,000 கைக்காசு போனது. அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தயவுசெய்து ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 5,000. நான் எடுத்தது 8,000 ரூம், ஐந்து நாள். வித்தியாசம் 15,000தானே, கட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் ஃபீஸ், நர்சிங் எல்லாவற்றையும் அதே எட்டுக்கு ஐந்து கணக்கில் வெட்டுவார்கள். அது 1,20,000 இருந்தது, 75,000 ஆனது. மருந்து, டெஸ்ட்டில் இப்படி வெட்டக்கூடாது, ஐசியூவுக்கும் கூடாது. வெட்டியிருந்தால் விடாதீர்கள்.

டீச்சர், உங்களுக்கு. சிகிச்சை கொடுத்த டாக்டரிடமே, சுகர் வருடம் வீட்டார் உத்தேசமாகச் சொன்னது என்று ஒரு கடிதம் வாங்குங்கள், முதன்முதலில் சுகர் தெரிந்த லேப் ரிப்போர்ட்டை இணையுங்கள். அடுத்தது இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரி, சென்னை தேனாம்பேட்டையில் ஆபீஸ், தமிழ்நாடு முழுக்க அங்கேதான். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பாலிசி விடாமல் ஐந்து வருடம் ஓடிவிட்டால் மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தீர்கள் என்று சொல்ல முடியாது, முன்பு அது எட்டு வருடம். தம்பிக்கு ஒரு வருடம் குறைந்துபோனது.

ஈரோடு மஞ்சள்:
வைகைக்கரை அண்ணே, 8,000 ரூம், 5,000 ரூம் என்கிற கணக்கெல்லாம் எங்களுக்கு வேறு ஊர்க் கதை. எங்களிடம் இருப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வருட வருமானம் 1,20,000க்குள் இருந்தால் தருவார்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். அட்டை எடுக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அண்ணனைச் சேர்த்தோம், லாரி மோதி தொடை எலும்பு. அட்டை ஓகே ஆகிவிட்டது. அப்புறம் ஒருத்தர் வந்து ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார், 15,000 என்று மட்டும் எழுதியிருந்தது. பேர் இல்லை, சீல் இல்லை. “இது பேக்கேஜ்ல வராது.” ரசீது கேட்டேன், “அப்ப ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அண்ணன் ஸ்ட்ரெச்சரில். கட்டினேன். சீட்டை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார், அதுதான் இன்னும் எரிகிறது.

புகார் கொடுத்திருக்கலாமே என்று யாரும் எழுத வேண்டாம். தெரியும்.

நெல்லை டீச்சர்:
வைகைக்கரை சார், மறுத்த மெயில் வந்தது போன ஐப்பசியில், தீபாவளிக்கு மறுநாள். ஒரு வருடம் என்றால் இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அந்த லேப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அம்மா பழைய மருந்துச் சீட்டையெல்லாம் பீரோவுக்கு மேலே ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறாள். இப்போதுதான் கீழே இறக்கியிருக்கிறோம், தரை முழுக்கப் பரப்பிவைத்துத் தேடிக்கொண்டிருக்கிறாள்.