பனியில் ஒரு குழி, இருபுறமும் சிறகுத் தடம்: யாருடையது?

நண்பர்களே, ஓர் உதவி. கனடாவின் சஸ்காட்டூன் நகருக்கு வெளியே, அறுவடை முடிந்த கோதுமை வயல். ஜனவரி என்பதால் ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது. குளிர் மைனஸ் 30. பனியில் கையகலக் குழி ஒன்றையும், அதன் இருபுறமும் சிறகு பதிந்த தடத்தையும் பார்த்தேன். பனி ஆந்தை எலியைப் பாய்ந்து பிடித்த இடமா? குளிருக்கு அஞ்சிப் பனிக்குள் புதைந்து உறங்கிய கூர்வால் கிரவுஸ் (ஒரு கோழியினப் பறவை) விடியலில் விருட்டென்று கிளம்பிய இடமா?

எலியின் காலடி எதுவும் அருகில் இல்லை. குழிக்குள் எச்சம் கிடந்ததா என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. விரல் விறைத்தால் புத்தியும் விறைத்துவிடும் போலிருக்கிறது. கேமரா பேட்டரியும் படுத்துவிட்டது.

நாளை மறுபடியும் போகிறேன். காற்று தடத்தை மூடுவதற்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பேட்டரியைக் காப்பாற்றும் வழியையும் சேர்த்து.