புதுப்பிப்பு: பின்லாந்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு மிட்டாய் கெட்டுப்போனதல்ல

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஹெல்சிங்கியில் சூப்பர்மார்க்கெட்டில் சாக்லேட் என்று நினைத்து வாங்கி, மார்த்தாண்டத்துக்கு லீவில் கொண்டுவந்த மிட்டாய் ஒரே உப்பு, மூக்கில் ஏறும் காரம், கெட்டுப்போச்சா? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"தேதி பார், தூக்கிப்போடு" என்றவர்கள்தான் அதிகம். தேதி இன்னும் எட்டு மாதம் இருந்தது. பலித்தது, "பொருட்பட்டியலில் அம்மோனியம் குளோரைடு இருக்கா பார்" என்ற யோசனை. கவரில் 'அம்மோனியும்குளோரிடி' என்றே இருந்தது. அந்த மிட்டாயின் பெயர் சல்மியாக்கி. அதிமதுரச் சாற்றோடு அந்த உப்பைச் சேர்த்துச் செய்வது. ருசியே அப்படித்தான்.

எதிர்பாராதது வீட்டில் நடந்தது. அக்கா பிள்ளைகள் இரண்டும் வாயில் போட்ட வேகத்தில் முற்றத்துக்கு ஓடித் துப்பின. தாத்தா ஒன்றை எடுத்து நாக்கில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "மக்களே, இது நவச்சாரமாக்கும்" என்றார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய காலத்தில் அந்தப் புகை தொண்டையில் இறங்குமாம், அதே ருசியாம். தேடிப் பார்த்தேன், நவச்சாரம் என்றால் அம்மோனியம் குளோரைடேதான்! நான் கவரோடு மல்லுக்கட்டியதற்கு முதலிலேயே அவரிடம் கொடுத்திருக்கலாம்.

அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும் என்று ஒருவர் எச்சரித்ததும் சரிதான். அம்மாவுக்குப் பிரஷர் உண்டு, அதனால் கொடுக்கவில்லை. தாத்தா கருப்பட்டிக் காப்பிக்குப் பிறகு தினம் ஒன்று கேட்கிறார். மீதி பதினோரு மிட்டாய்.