நம்ம வீட்டு ஜனம் (குழு): தினேஷ் வண்டி பிரேக்

தினேஷ் இரவு 10:05
[படம்]
நம்ம லோடு வண்டிக்கு புது வீல் எப்டி கீது? 31 இஞ்ச். இப்பதான் மாட்டிகினு வந்தேன்

கலா அக்கா 10:07
சும்மா யானை மாதிரி நிக்குதுடா. துட்டு எவ்ளோ ஆச்சு?

தினேஷ் 10:07
அத்த மட்டும் கேக்காதக்கா

கலா அக்கா 10:08
உன் பொண்டாட்டியும் இந்த குரூப்புலதான் கீறா, ஞாபகம் வெச்சுக்கோ

விமலா சித்தி காலை 6:12
காலை வணக்கம். தண்ணி லாரி வந்துச்சா? யாராவது சொல்லுங்கப்பா

தினேஷ் 6:51
சேகர் மாமா முழிச்சிகினு கீறீங்களா? காத்தால காசிமேட்டுல மீன் லோடு ஏத்திகினு மீஞ்சூர் போனேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் வண்டிங்க வரிசையா நிக்குது. எப்பவும் மிதிக்கிற எடத்துலதான் மிதிச்சேன், நிக்கல. டிரெய்லர் பின்னாடி ஒரு முழம் கேப்புல போய் நின்னுச்சு. கை இன்னும் நடுங்குது

மாலதி 6:52
என்னங்க ஆச்சு? அடி பட்டுச்சா?

தினேஷ் 6:52
ஒண்ணும் ஆவல மாலு. ஐஸ் பொட்டி ஒண்ணு கவுந்துச்சு, அவ்ளோதான்

சேகர் மாமா 7:03
பிரேக் ஆயில் எப்ப மாத்துன? பெடல் கீழ போச்சா?

தினேஷ் 7:04
போன மாசம்தான் மாமா. பெடல் கல்லு மாதிரி கீது

சேகர் மாமா 7:05
அப்ப வீல்தான் மொதல் குத்தவாளி. யார கேட்டு மாட்டுன?

தினேஷ் 7:05
வீலுக்கும் பிரேக்குக்கும் இன்னா மாமா சம்மந்தம்? பிரேக் அதே பிரேக்தானே

பெரியப்பா (எண்ணூர்) 7:11
அதே பிரேக்குங்கறதுதாண்டா சிக்கலே. நம்ம தெரு அடிபம்பு ஞாபகம் இருக்கா? கைப்பிடி நுனியில கலா தொங்குறா. நீ போல்ட்டுக்குப் பக்கத்துல பிடிச்சு அதை அசையாம நிறுத்தணும். கைப்பிடியை இன்னும் ஒரு சாண் நீட்டிட்டா உன் கை தாங்குமா? சக்கரமும் அப்படித்தான், ரோடு இழுக்கறது நுனியில, பிரேக் பிடிக்கறது நடுவுல.

கலா அக்கா 7:12
உதாரணத்துக்கு நான்தான் கெடைச்சேனா பெரியப்பா 😒

நிவேதா 7:20
தினேஷ் மாமா, உங்க பழைய டயர் 215/75 R15தானே? அதோட விட்டம் 703 மி.மீ. 31 இஞ்ச்னா 787. கிட்டத்தட்ட 12% பெருசு. அதே மிதிக்கு ரோட்டுல கெடைக்கிற பிடி 11% கொறஞ்சிடும். அதைவிட மோசம் மீட்டர். முன்ன அது சரியா காட்டுச்சுன்னு வெச்சா, இப்ப 60 காட்டும்போது வண்டி 67ல ஓடும். வேகம் 12% ஏறுனா பிரேக் தின்ன வேண்டிய சக்தி 25% ஏறும். வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிதான் சக்தி ஏறும், அதான்

கலா அக்கா 7:21
பாலிடெக்னிக்குக்கு ஃபீஸ் கட்டுனது வீண் போகல

தினேஷ் 7:24
நேத்து நைட்டு காலி வண்டியில நல்லாதானே நின்னுச்சு?

சேகர் மாமா 7:26
காலி வண்டியில பிரேக் மிச்சம் இருக்கும்டா, டயர்தான் மொதல்ல வழுக்கும். அதனால தெரியாது. லோடு ஏறுனாதான் பிரேக்கோட யோக்யதை வெளிய வரும்

தினேஷ் 7:30
சரி, பிரேக்கையும் பெருசாக்கிடலாம். வீடியோல பாத்தேன், ஓட்ட போட்ட டிஸ்க்கு, பிரேக் ஆயில் போற ஸ்டீல் ஹோஸ். புதுப்பேட்டைல கெடைக்கும்ல?

சேகர் மாமா 7:38
🎤 4:12

நிவேதா 7:55
சேகர் தாத்தா வாய்ஸ்ல பேசுனதுல பாதி பட்டறை சத்தம். கேக்க முடியாதவங்களுக்காக எழுதறேன். (திட்டுனதை விட்டுட்டேன்.)

ஓட்டை போட்ட டிஸ்க்கால பிடி ஏறாது. ஸ்டீல் ஹோஸ் போட்டா பெடல் கெட்டியா இருக்கும், அவ்வளவுதான். நெசமா பிடி கூடணும்னா டிஸ்க்கைக் கவ்வற பேடு மையத்துல இருந்து தள்ளி உக்காரணும், அதாவது டிஸ்க்கு பெருசா இருக்கணும். இல்ல பேடை அமுக்கற காலிப்பர் பிஸ்டன் பெருசா இருக்கணும். சூடு தாங்க டிஸ்க்கு தடிமனா, நடுவுல காத்துப் போற மாதிரி இருக்கணும். ஆனா பிஸ்டன் பெருசானா ஆயில் நெறைய கேக்கும், பெடல் கீழ போகும். அப்ப பெடல் மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரும் அதுக்கு ஏத்த அளவுல மாத்தணும். முன்சக்கர பிரேக்கை மாத்துன கையோட பின்சக்கர டிரம் பிரேக்கையும் கண்டபடி ஏத்துனா, காலி வண்டியில பின்சக்கரம் மொதல்ல லாக் ஆகி வண்டி அப்படியே சுத்திடும். லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக் பிரஷரை கூட்டிக் கொறைக்கிற வால்வு பின் ஆக்சில் பக்கத்துல இருக்கு, அதையும் செட் பண்ணணும். எல்லாம் ஒரே செட்டா வாங்கணும், துண்டு துண்டா புதுப்பேட்டைல பொறுக்கக் கூடாதுன்னு தாத்தா ரெண்டு தடவ சொன்னாரு.

பெரியப்பா (எண்ணூர்) 8:02
எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சான்று) போறப்ப என்ன சொல்லுவ? கம்பெனி குடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு. உன் வண்டி எட்டு வருஷம் தாண்டிடுச்சு, வருஷா வருஷம் எஃப்சி. ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல பாக்கறது டயரைத்தான்.

விமலா சித்தி 8:10
தண்ணி லாரி பத்தி ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க

கலா அக்கா 8:11
வந்துட்டு போயிடுச்சு சித்தி

சேகர் மாமா 11:20
[படம்]
வண்டி மூலக்கடை பட்டறைக்கு வந்துடுச்சு. பின் டிரம் கழட்டுனேன், பாருங்க. கருவாட்டு நாத்தம். ஐஸ் கரையற உப்புத் தண்ணியெல்லாம் சேசிஸ் வழியா இங்கதான் வடிஞ்சிருக்கு. இடது பக்கம் பிரேக் ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் இறுகிப் போச்சு, பிஸ்டனை சுத்தியால தட்டித்தான் எடுத்தேன். ஷூ லைனிங்ல பெயின்ட் தேயாம இருக்கு. அதாவது அந்தப் பக்கம் ரொம்ப நாளா பிரேக்கே பிடிக்கல

தினேஷ் 11:22
அய்யோ. அப்ப வீல் மேல தப்பு இல்லியா மாமா?

சேகர் மாமா 11:24
மூணு பிரேக்குல ஓட்டிகினு இருந்த. பழைய வீல் அதை மறைச்சிச்சு, புது வீல் காட்டிக் குடுத்துச்சு. வீல் சிலிண்டர் ரெண்டு பக்கமும் புதுசு, ஷூ புதுசு, டிரம்ம லேத்துல குடுத்து உள்பக்கம் ஒரு வெட்டு. பழைய வீலையே மாட்டறேன். ஐஸ் தண்ணி வெளிய போக கேரியர்ல ஒரு பைப்பு வெச்சு பின்னாடி இறக்கு. வாரம் ஒரு தடவ நல்ல தண்ணில அடியில அடிச்சு கழுவு

தினேஷ் 11:30
மழைக்குத்தான் மாமா பெரிய வீல் போட்டேன். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னா வண்டி ஒசரமா இருக்கட்டும்னு

நிவேதா 11:33
மாமா, விட்டம் 84 மி.மீ. கூடுனா ஒசரம் அதுல பாதிதான். 42 மி.மீ.

தினேஷ் 11:34
விரல்ல சொல்லுமா

நிவேதா 11:34
ரெண்டு. தாராளமா வெச்சா ரெண்டரை

பெரியப்பா (எண்ணூர்) 11:36
அந்த சப்வேல பஸ்ஸே நின்னு போயிருக்குடா.

மாலதி 11:40
ரெண்டு விரலுக்கு எவ்ளோ ஆச்சுன்னு இன்னும் யாரும் சொல்லல

தினேஷ் 11:41
🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கலா அக்கா 11:41
நான் பாத்துட்டேன் மாலதி. போன் பண்றேன் இரு