64 ஜிபி பென்டிரைவும் 62 ஜிபி கல்யாண வீடியோவும்

குடும்பக் குழு, ஞாயிறு மாலை

பெரியப்பா: பென்டிரைவ் வாங்கியாச்சு. அட்டையில் 64 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டரில் செருகினால் 59.6 காட்டுகிறது. மீதியை யார் தின்றது?

சித்தப்பா: டூப்ளிகேட்டாக இருக்கும் அண்ணா. பில் இருக்கிறதா?

பெரியப்பா: பில் இருக்கிறது. கல்யாண வீடியோ மொத்தம் 62 ஜிபி என்று வீடியோக்காரர் சொன்னாரே, இதில் எப்படிக் கொள்ளும்?

அத்தை: முகூர்த்தம் போதும் அண்ணா. ரிசப்ஷனை விட்டுவிடுங்கள்.

பெரியம்மா: ரிசப்ஷனுக்குத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள் 😠

வித்யா: பெரியப்பா, வீடியோக்காரர் வைத்திருப்பது ஆப்பிள் கம்ப்யூட்டரா?

பெரியப்பா: ஆமாம், கடித்த ஆப்பிள் படம் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வித்யா: அங்கேதான் விஷயமே. பென்டிரைவ் கம்பெனிக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் (கம்ப்யூட்டர் இடத்தை அளக்கும் சின்ன அலகு). உங்கள் விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை 1 ஜிபி என்கிறது. 6400 கோடியை அதால் வகுத்துப் பாருங்கள்.

பெரியப்பா: 59.6. சரியாக வருகிறதே!

வித்யா: வீடியோக்காரரின் ஆப்பிள் கம்ப்யூட்டர், அதாவது மேக், 2009லிருந்து கம்பெனிக் கணக்கில்தான் காட்டுகிறது. அவர் சொன்ன 62 என்பது 6200 கோடி பைட். அதே ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் 57.7 என்று தெரியும். தாராளமாகக் கொள்ளும். 62ஐயும் 59.6ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு படியில் அளந்தவை.

சித்தப்பா: அப்போ என் 1 டிபி, அதாவது 1000 ஜிபி ஹார்டுடிஸ்க் 931 ஜிபி காட்டுவதும் இதனால்தானா? கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தேனே.

வித்யா: அதேதான் சித்தப்பா. அளவு ஏற ஏற இடைவெளியும் ஏறும். ஆயிரம் பைட் அளவான கேபியில் இரண்டரை சதவீதம்கூட இல்லை, டிபியில் கிட்டத்தட்ட பத்து. 1024 கணக்குக்கு 1998லேயே கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். விண்டோஸ் இன்னும் ஜிபி என்றே போடுகிறது. என்னைக் கேட்டால் குற்றவாளி அதுதான். டூப்ளிகேட் சரக்கு வேறு ரகம், அது குறைத்துக் காட்டாது. அடிமாட்டு விலைக்கு 2 டிபி என்று காட்டும். உள்ளே இருக்கும் கொஞ்ச இடம் நிரம்பியதும் அடுத்துப் போடும் ஃபைல்களைக் கெடுத்துவிடும்.

மாமா: ஃப்ளாப்பி காலத்தில் இதைவிடக் கூத்து மச்சான். 1.44 எம்பி என்பார்கள். உள்ளே 1440 கேபி, ஒவ்வொரு கேபியும் 1024 பைட். ஒரு எம்பிக்கு மட்டும் ஆயிரம் கேபி! இந்தக் கணக்கிலும் சேராது, அந்தக் கணக்கிலும் சேராது.

பெரியப்பா: மாப்பிள்ளை, தலை சுற்றுகிறது. வீடியோவைப் பென்டிரைவில் காப்பி செய்யப் போட்டுவிட்டேன். விநாடிக்கு 20 எம்பி என்று ஓடுகிறது. எவ்வளவு நேரம் ஆகும்?

வித்யா: முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் பிடுங்கிவிடாதீர்கள்.

சித்தப்பா: எங்கள் வீட்டு நெட் 100 எம்பி வேகம். அதிலேயே அனுப்பியிருக்கலாமே?

வித்யா: அது மெகாபைட் இல்லை, மெகாபிட் சித்தப்பா. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுங்கள், விநாடிக்கு 12.5 எம்பிதான். அதுவும் முழு வேகம் கிடைத்தால்.

பெரியப்பா: முடிந்தது. ரிசப்ஷனும் ஏறிவிட்டது. மிச்சம் 1.8 ஜிபி காட்டுகிறது.

அத்தை: அதில் நிச்சயதார்த்தப் போட்டோக்களையும் போட்டுவிடுங்கள் அண்ணா.