80 பேர் கூட்டத்துக்கு திருமலையா பாசிக்குடாவா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

மட்டுநகர்ப்பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். எங்கட மட்டக்களப்புப் பக்கத்து சிறு உற்பத்தியாளர்களையும் கொழும்புல இருந்து சாமான் எடுக்க வாற ஆக்களையும் ரெண்டு நாள் ஒரே இடத்துல இருத்திக் கதைக்க வைக்கணும், அந்தப் பொறுப்ப என்ட தலையில போட்டிருக்காங்க. 80 பேர் அளவில வருவாங்க. மருதமுனை நெசவு, எருமைத் தயிர், பனை ஓலைச் சாமான், கஜு (முந்திரிப் பருப்பு) செய்யிற ஆக்கள், அதுல பாதிக்கு மேல பொம்புளையள். கமிட்டியில கொஞ்சப் பேர் திருமலைதான் (திருகோணமலை) எண்டு ஒரே பிடியா நிக்கிறாங்க, துறைமுக நகரம், கடல் பாத்த ஹோட்டல், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, மாகாண சபை ஒபிஸ் எல்லாம் அங்கதானே எண்டு சொல்றாங்க. மத்தவங்க மட்டக்களப்புக்கு வடக்க கடற்கரை ஹோட்டல்கள் இருக்கிற பாசிக்குடா எண்டுறாங்க. ஹோல் எடுத்து இப்பிடிக் கூட்டம் வைச்ச ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்க, அட்வான்ஸ் கட்ட முதல் தெளிவாத் தெரிஞ்சுக்கணும்.

உப்புவெளி மருமகன்

தம்பி, நான் பிறந்தது ஆரையம்பதி, கலியாணம் முடிச்சு இருக்கிறது திருமலை, அதால ரெண்டு பக்கத்தையும் சொல்றன். கூட்டம் வைக்க திருமலை நல்ல ஊர், அதுல ஒரு கதையும் இல்ல. இவ்வளவு ஆழமான இயற்கைத் துறைமுகம் உலகத்துலயே கொஞ்சம்தான், சுத்திவர மலை, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் றூமுக்கும் குறைவில்ல. முந்தி மட்டக்களப்புல இருந்து வாறதெண்டா ஹபரண சுத்தணும், இல்லாட்டி வழியில பாதை (வாகனம் ஏத்துற மிதவைப் படகு) ஏறி ஆத்தக் கடக்கணும், 2009ல கிண்ணியாப் பாலமும் அதுக்குப் பிறகு வழியில மத்தப் பாலங்களும் திறந்த பிறகு வாகரை, வெருகல், மூதூரால நேர வரலாம், 130 கிலோமீற்றர் அளவு.

ஆனா துறைமுகத்தப் பாத்து ரசிக்கிறது வேற, துறைமுகத்தால வேலை இருக்கிறது வேற. சீனக்குடாப் பக்கம் பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, பிரிட்டிஷ்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கியள் 99, இதுகளோட சம்பந்தப்பட்ட ஆக்கள், கப்பல்ல ஏத்தி இறக்கிற ஆக்கள் கூடுறதெண்டா கிழக்குல திருமலைய விட்டா வேற இடமே இல்ல எண்டு அடிச்சுச் சொல்லுவன். உங்கட கூட்டத்துல ஒருத்தருக்கும் கப்பலோட வேலை இல்லையே. இன்னொண்டு, துறைமுகத்துக்குள்ள கூட்டிப் போய்க் காட்டுறம் எண்டு ஆருக்கும் வாக்குக் குடுத்துராதீங்க, டொக்யாட் நேவிட கையில, அனுமதி இல்லாமப் போக ஏலாது. கோணேசர் கோயிலுக்குப் போறதெண்டா கோட்டைக்குள்ளால போற றோட்டுல மான் கிட்ட வந்து கைய மோந்து பாக்கும், கொழும்பு ஆக்கள் அதுல நிண்டு போட்டோ எடுத்தே அரை மணித்தியாலம் போகும், அந்த நேரத்தையும் கணக்குல எடுங்க.

மருதமுனைத்தறி

தம்பி, கூட்டத்துக்கு வாற பொம்புளைகளுட பக்கத்துல இருந்து சொல்றன். எங்களுக்கு மட்டக்களப்புக்கே 40 கிலோமீற்றர் அளவு, அதுக்கு மேல திருமலை எண்டா வெள்ளண சுபஹோட வெளிக்கிடணும், இரவு தங்கணும். புள்ளைகளை ஆர்ட கையில குடுத்துட்டு வாற? வரமாட்டாங்க தம்பி. கடைசியா ஆம்புளைகள்தான் வருவாங்க, தறியில இருக்கிறவள்ட வாயால ஒரு வார்த்தையும் வராது.

போன முறை ஒரு கொழும்புக் கடைக்காரர் எங்கட வீட்டுக்கே வந்தாரு. சாரிய விரிச்சு, கரைய ரெண்டு விரலால தேச்சுப் பாத்து, திருப்பிப் பின்பக்கம் நூல் முடிச்சப் பாத்தாரு. பிறகு தறிக்குக் கிட்ட வந்து குந்தி, இந்தக் கரைய நாலு விரல் அகலமாப் போட ஏலுமா எண்டு கேட்டாரு. என்ட தங்கச்சி அந்த இடத்துலயே நூல மாத்திக் கொஞ்சம் நெய்து காட்டினா, ஓடர் அங்கயே முடிஞ்சு போச்சு. ஏசி ஹோலுக்குள்ள மேசையில மடிச்சு வைச்ச சாரிய ஆரு இப்பிடிக் கேக்கப் போறாங்க?

தயிரும் அப்பிடித்தான், சட்டிக்கு இடையில வைக்கோல் வைச்சுக் கட்டினாலும் அவ்வளவு தூரம் குலுங்கினா தண்ணி விட்டுரும். தயவு செஞ்சு வெள்ளிக்கிழமை வைக்காதீங்க, ஜும்மாக்கு ஆக்கள் எழும்பினா ஒரு மத்தியானம் அப்பிடியே போயிரும்.

சவுண்ட்காரன்_கல்லடி

நான் ஹோலுக்கு சவுண்ட், லைட் போடுற ஆள். கடல் பாத்த ஹோல் எண்டு சந்தோசப்படுவீங்க, பகல்ல தடிச்ச திரைச்சீலை இல்லாட்டி புறொஜெக்டர்ல ஒண்டும் தெரியாது, போய் மத்தியானம் 11 மணிக்கு நிண்டு பாத்துட்டு அட்வான்ஸ் கட்டுங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வெளியில ஸ்டோல் போட வேணாம், துணி எல்லாம் பறக்கும். நவம்பர் டிசம்பர் மழையில வைச்சா றூம் மலிவு, ஆனா வெள்ளம் வந்தா வாகரை றோட்டு என்ன பாடுபடும் எண்டு உங்களுக்கே தெரியும். விலை கேக்கக்க தலைக்கு எவ்வளவு எண்டு மட்டும் கேக்காதீங்க, ஹோல் வாடகை அதுக்குள்ளயா வெளியயா, சேர்விஸ் சார்ஜ், வரி, டிரைவர்மாருக்குப் படுக்க இடமும் சாப்பாடும், ஜெனரேட்டர், எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. டிரைவர எல்லாரும் மறந்துருவாங்க, ராத்திரி வானுக்குள்ள படுத்த மனிசன் அடுத்த நாள் உங்கட ஆக்கள ஏத்திக்கிட்டு ஓடணும்.

மட்டுநகர்ப்பெடியன்

பெரிய உதவி எல்லாருக்கும். அக்கா சொன்னத அப்பிடியே கமிட்டிக்கு வாசிச்சுக் காட்டினன், திருமலை எண்டு நிண்டவங்களும் யோசிக்கிறாங்க. இப்ப எங்கட எண்ணம், கூட்டம் ஒரு நாள் மட்டக்களப்பு டவுணுக்குள்ள, காலையில வந்து பின்னேரம் 4 மணிக்கு எல்லாரும் வீட்ட போற மாதிரி. கொழும்பு ஆக்கள் மட்டும் இரவு கல்லடியில தங்கட்டும், அடுத்த நாள் வான்ல மருதமுனைக்கு நாங்களே கூட்டி வாறம். செப்டம்பர்ல, போயாவும் (பௌர்ணமி லீவு) வெள்ளியும் இல்லாத நாளாப் பாக்கிறம். அக்கா, ஒரு வீட்டுக்கு எத்தின பேரக் கூட்டி வரலாம்?

மருதமுனைத்தறி

ஒரு வீட்டுக்கு ஆறு பேருக்கு மேல வேணாம் தம்பி, தறி போட்டிருக்கிற அறை சின்னன், கூட நிண்டா நெய்றவளுக்குக் கை வீச இடமில்ல. மூணு நாலு வீட்டுக்குப் பிரிச்சு விடுங்க, எந்தெந்த வீடு எண்டு நான் கேட்டுச் சொல்றன். காலையில 9 மணிக்கு முதல் வந்தா பாவு (தறியில நீளவாட்டு நூல்) போடுறதையும் பாக்கலாம்.